கவர்ன்மென்ட் இளவேனில்

பெங்களூர் ஹைகோர்ட்டில் இளவேனிலை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீதிபதிகளுக்கு அவர் பெயர் 'கவர்ன்மென்ட்'. வழக்கைக் கூப்பிட்டதும், "கவர்ன்மென்ட் என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். இளவேனில் எழுந்து நின்று, கர்நாடக அரசாங்கம் என்ன சொல்கிறது என்று சொல்ல வேண்டும். காலையில் அவர் கல்வித்துறை. பதினோரு மணி வாக்கில் போக்குவரத்துத்துறை ஆகிவிடுவார். சாப்பிட்டுவிட்டு வந்தால் ஏதோ ஒரு தாலுக்காவின் தாசில்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். மேலே உட்கார்ந்திருந்த நீதிபதி, "கவர்ன்மென்ட் வந்தாச்சா?" என்று கேட்டாராம். மந்திரியோ செயலாளரோ வருகிறார் போலிருக்கிறது என்று இளவேனில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாராம். பக்கத்தில் இருந்த வக்கீல் குனிந்து, "நீங்கதான் மேடம் கவர்ன்மென்ட். எழுந்து நில்லுங்க" என்றாராம்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அப்பா முனிகிருஷ்ணன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். மகளுக்கு அப்படி ஒரு பெயர் வந்தது அங்கேயிருந்துதான். அம்மா சந்திரம்மா ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பவர். இளவேனில் சாயங்காலக் கல்லூரியில் சட்டம் படித்தார். பல வருடம் வாடகை வழக்கு, செக் வழக்கு என்று கீழ்க் கோர்ட்டுகளில் அலைந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஹைகோர்ட்டில் அரசு வழக்கறிஞராக நியமனம் வந்தது. இப்போது பெற்றோர் கீழ் வீட்டில், அவரும் கணவர் நரேஷும் மாடியில்.

நியமனம் வந்த நாளிலிருந்து அந்தச் சந்துக்கே அவர்தான் அரசாங்கம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். காவேரித் தண்ணீர் ஒரு வாரம் வரவில்லை என்றால், மெட்ரோவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் அவரை நிறுத்தி, "இன்னா மேடம், உங்க கவர்ன்மென்ட்டு தண்ணி விடுமா விடாதா?" என்று கேட்பார்கள். கோர்ட்டில் அரசாங்கத்துக்காகப் பேசுவது மட்டும்தான் தன் வேலை என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். எந்த அலுவலகத்துக்கு யாரிடம் போன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இதற்கு நடுவில் ஹைகோர்ட் விசாரணைகள் யூடியூபில் நேரலையாக வர ஆரம்பித்தன. அதன்பிறகு சந்திரம்மாவுக்கு டிவி சீரியல் தேவைப்படவில்லை. மகள் நிற்கும் கோர்ட் ஹால் எது என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வார். பதினொன்றரைக்கெல்லாம் வேலை முடித்துவிட்டு டிவியில் போட்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அவரைக்காய் உரித்தபடி வந்து சேர்ந்துகொள்வார்கள். முனிகிருஷ்ணனுக்கு மட்டும் மனது தாங்காது. நீதிபதி குரல் உயரும்போதெல்லாம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிடுவார். சந்திரம்மா பிடுங்கித் திரும்ப வைப்பார்.

"ஏன்டி வேனிலு, அந்த ஜட்ஜு அவ்ளோ திட்டறாரு, நீ சிரிச்சிக்கினே நிக்கற."

"அவர் என்னத் திட்டலம்மா. ரெவின்யூ டிபார்ட்மென்ட்ட திட்டினாரு."

"மூஞ்சி உன்னுதுதானே தெரியுது."

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு ஆள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு ஒரு நீதிபதியிடம் ஜெயித்துவிட்டால், அரசாங்கம் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சிடம் அப்பீல் செய்யலாம். இளவேனில் நிற்பது பெரும்பாலும் அந்த அப்பீல்களில். துறைகள் தாமதமாகத்தான் வரும்; பாதிக் காகிதத்தோடுதான் வரும். திட்டு வாங்குவது அரசு வழக்கறிஞர். ஜெயித்தால் துறை ஜெயித்தது என்பார்கள், தோற்றால் மேடம் தோற்றுவிட்டார் என்பார்கள். இதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. "ஆறு கோடி பேருக்கு ஒரே வக்கீலா நிக்கறேன், எல்லாரும் வந்து தேங்க்ஸ் சொன்னா பதில் சொல்லவே நேரம் இருக்காது" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை படிப்பார். அப்பீலில் சாரம் இல்லையென்றால், 'அப்பீலுக்குத் தகுதியில்லை' என்று துறைக்கு எழுதி அனுப்பிவிடுவார். துறைகள் அதைச் சில நேரம் கேட்கும், பல நேரம் கேட்காது. கேட்காவிட்டால் போய் நின்று சட்டம் என்ன சொல்கிறதோ அதை முழு மூச்சாக வாதாடுவார். ஆனால் இல்லாததை இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லமாட்டார்.

போன வருடம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு அப்பீல் அவர் மேஜைக்கு வந்தது. அரசு மாணவியர் விடுதியில் தற்காலிகச் சமையல்காரராக வேலை செய்யும் ஒரு பெண்ணை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். அதை எதிர்த்து அந்த விடுதியை நடத்தும் துறை அப்பீல் செய்திருந்தது. எதிர்த்தரப்பின் பெயரைப் படித்ததும் இளவேனில் ஃபைலை மூடிவிட்டார். பியாட்ரிஸ் என்று இருந்தது. விலாசம் அவர் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி.

பியாட்ரிஸை அல்சூரில் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பத்தைந்தைத் தொட்ட, உரத்த குரல் கொண்ட அம்மாள். புருஷன் போய்ப் பல வருடமாகிறது. கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் அந்த விடுதியில் விடியற்காலையில் போய் அடுப்பைப் பற்றவைத்தால், ராத்திரிச் சாப்பாடு முடித்துத்தான் திரும்புவார். பழைய சமையல்காரர் ஓய்வு பெற்றபோது, "ஆள் போடற வரைக்கும் வாம்மா" என்று யாரோ ஒரு வார்டன் கூப்பிட்டிருக்கிறார். அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை. ஆள் போடவேயில்லை. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அவரை ஒரு நாள் வேலையைவிட்டு நிறுத்தியதாகக் காகிதத்தில் எழுதி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நிறுத்தப்பட்ட அந்த ஒரு நாளும் அவர்தான் சமைப்பார்.

இளவேனில் நேராகத் தன் சீனியரிடம் போனார். "சார், இவங்க எங்க ஏரியா. சின்ன வயசுலருந்து தெரியும். வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

சொந்தமா என்று சீனியர் கேட்டார். இல்லை என்றதும், எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு ஆட்சேபணை இருந்தால் மாற்றிவிடலாம் என்றார். பியாட்ரிஸின் வக்கீல் பாலகுமார் தன் கட்சிக்காரரைக் கேட்டுவிட்டு இரண்டு நாளில் பதில் கொண்டுவந்தார். ஆட்சேபணை இல்லை.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா மேடம்? 'எவனோ ஒருத்தன் படிக்காம வந்து பேசறதுக்கு, வேனிலே பேசட்டும். அதுவாச்சும் ஒழுங்கா படிச்சிட்டு வந்து என்னை எதிர்க்கும்'னாங்க."

இளவேனிலுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. பியாட்ரிஸுக்குப் பேச்சை அளந்து பேசத் தெரியாது என்பதால், பார்த்தால் பேசாமலே போய்விடுவது என்று முடிவு செய்தார். சந்து முனையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். டிசம்பர் வந்ததும் பியாட்ரிஸ் வழக்கம்போல ஒரு டப்பா நிறையக் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்து கொண்டுவந்து கீழ் வீட்டில் வைத்தார். இளவேனில் மாடிப்படியில் நின்றபடியே, "அம்மா, அத வாங்காத. கேஸு நடக்குது" என்றார்.

"அப்பீலு உன்னுது. கல்கல் என்னுது" என்று சந்திரம்மா டப்பாவை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. இளவேனில் நன்றாகத் தயாராகிப் போயிருந்தார். கதவு வழியாக வராமல் கொல்லைப்புறமாக வந்தவர்களையெல்லாம் நிரந்தரமாக்கினால், விண்ணப்பம் போட்டுத் தேர்வெழுதிக் காத்திருக்கும் பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டார். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார். தெளிவாகப் பேசினார்; அரை மணி நேரம் பாலகுமாருக்கு வாய் திறக்க வழியில்லை. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் அன்றைக்கு ரிமோட்டைத் தொடவில்லை. சந்திரம்மாதான் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

இளவேனில் உட்காரப்போகும்போது இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "இது தற்காலிக ஏற்பாடு என்று உங்கள் துறை எழுதியிருக்கிறது. அந்த விடுதியில் பிள்ளைகளுக்குப் பசி எடுப்பதும் தற்காலிகம்தானா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. இளவேனிலுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார்.

"இந்த அம்மாள் நாளைக்கு வராவிட்டால் அங்கே யார் சமைப்பார்கள்? அந்த இடத்துக்கு ஒரு பதவி உண்டா, இல்லையா? கவர்ன்மென்ட் கேட்டுக்கொண்டு வந்து சொல்லட்டும்" என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள்.

அன்று மாலை வீட்டில் சாப்பாடு வைக்கும்போது சந்திரம்மா தட்டைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தார். "கொல்லப்பக்கமா வந்தவளாம். அவ வந்தது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? பஸ்ஸுல வந்தா."

"அம்மா, சட்டத்துல அப்படி ஒரு பேரு. அவங்களச் சொல்லல."

"போன்ல அவளும்தானே பாத்துக்கினு இருந்திருப்பா."

இளவேனில் அன்று ராத்திரி ஃபைலை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதே நேரம், நீதிபதி கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஃபைலில் பதில் இல்லை என்பதும் தெரியும்.

மறுநாள் துறையில் இந்த வழக்கைக் கவனிக்கும் பத்ரிநாத்தைப் பார்க்கப் போனார். அண்டர் செக்ரட்டரி. கோலார்க்காரர், அதனால் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஒல்லியான, நிதானமான மனிதர். மேஜையில் ஒரு காகிதம்கூடக் கோணலாக இருக்காது.

"மேடம், ஒருத்தருக்குக் குடுத்தா ஸ்டேட்டு பூரா கேப்பாங்க" என்றார் எடுத்ததுமே.

"அது அப்பறம் சார். பெஞ்ச் கேட்டதுக்கு நான் பதில் சொல்லணும். அந்த ஹாஸ்டல்ல குக் போஸ்ட் உண்டா?"

"போஸ்ட் சாங்ஷன் ஆனதுதான். ஆள்தான் போடல."

"எத்தன வருஷமா?"

பத்ரிநாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, அவங்க வரலன்னா யார் சமைப்பாங்க?"

"ஏதாவது ஆல்டர்னேட் அரேஞ்ச்மென்ட் இருக்கும்."

"இருக்கும்னு கோர்ட்ல சொல்ல முடியாது. வாங்க, நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாம். நம்ம ஹாஸ்டல்தானே."

எதிர்த்தரப்பு ஆளோடு பேசக் கூடாதே என்று பத்ரிநாத்துக்கே சந்தேகம் வந்தது. பேச்சு வார்டனோடு மட்டும்தான், சமையல்காரம்மாவோடு ஒரு வார்த்தையும் கிடையாது என்று இளவேனில் சொல்லி, அவரை ஒப்புக்கொள்ள வைத்தார். வரும் சனிக்கிழமை போவதென்று முடிவானது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் விடுதி கேட்டைத் தாண்டியபோதே தீய்ந்த வாசனை மூக்கைத் துளைத்தது. வார்டன் வீணா ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை, துப்பட்டாவில் மஞ்சள் கறை.

"சார், நீங்க இன்னைக்கா வரணும்?"

பியாட்ரிஸ் தன் அக்கா மகளின் கல்யாணத்துக்காகக் கோலார் தங்கவயல் போயிருந்தார். மூன்று நாள் லீவு. பதிலுக்கு ஆள் கேட்டு வீணா எழுதியிருந்தார், யாரும் வரவில்லை. முதல் நாள் ஹோட்டலிலிருந்து வரவழைத்துச் சமாளித்தார்கள். இரண்டாம் நாளான அன்றைக்கு வாட்ச்மேன் சாம்பார் வைக்கிறேன் என்று இறங்கி, பருப்பை அடியோடு கரியாக்கிவிட்டார். அரைநாள் பள்ளி முடித்துப் பிள்ளைகள் வரும் நேரம். பெரிய அண்டாவில் சாதம் மட்டும் வெந்து இருந்தது.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்று பத்ரிநாத் கேட்டார்.

"தெரியல சார்" என்றார் வீணா. அழுதுவிடுவார் போலிருந்தது.

கேட்டில் பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பத்ரிநாத் ஒரு நிமிடம் அந்த அண்டாவையே பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, "எலுமிச்சம்பழம் இருக்கா? கடலக்காய்?" என்று கேட்டார். அவருடைய அப்பா கோலாரில் சின்ன மெஸ் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த முக்கால் மணி நேரம் அரசாங்கம் அந்தச் சமையலறையில்தான் இருந்தது. இளவேனில் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டுப் பச்சைமிளகாய் நறுக்கினார். வீணா எலுமிச்சம்பழம் பிழிந்தார். வாட்ச்மேன் குற்ற உணர்ச்சியோடு தேங்காய் துருவினார். பத்ரிநாத் கடுகு தாளித்து, கடலையை வறுத்து, அவ்வளவு சாதத்தையும் கரண்டியால் கிளற முயன்று, கரண்டி நகராமல், கடைசியில் இரண்டு கையையும் விட்டுப் பிசைந்தார். சித்ரான்னம் மஞ்சள் மஞ்சளாக வந்தது. எண்பது பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

எட்டாவது படிக்கும் ஒரு பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "அங்கிள், நீங்கதான் புது குக்கா?"

"இல்லம்மா. நான் அண்டர் செக்ரட்டரி."

"அப்படின்னா?"

பத்ரிநாத் யோசித்தார். பக்கத்தில் நின்ற இளவேனிலைப் பார்த்தார். இளவேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பு அடங்கவில்லை.

"உப்பு கம்மி அங்கிள்" என்றாள் அந்தப் பெண். "பியாட்ரிஸ் ஆன்ட்டி எப்ப வருவாங்க?"

திரும்பி வரும்போது காரில் பத்ரிநாத் உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தார். கன்னிங்ஹாம் சாலையில் வண்டி நெரிசலில் நின்றபோது சொன்னார்.

"கை எரியுது மேடம். மிளகா."

"மோர் ஊத்திக் கழுவுங்க சார்."

"நான் ஒண்ணு சொல்றேன். சென்டிமென்ட் வேற, ரூல் வேற. பசங்க பாவம்னு ஃபைல்ல எழுத முடியாது."

"வேணாம் சார். ரூலையே எழுதுங்க. போஸ்ட் இருக்கு, காலியா இருக்கு, இவங்க பத்து வருஷத்துக்கு மேல, வேலைய விட்டு நிறுத்தக் கூடாதுன்னு கோர்ட் ஆர்டர் எதுவும் வாங்காமலே அதுல வேல செஞ்சிருக்காங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்கு சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழி விட்டிருக்கு. நான் கோர்ட்ல காட்டின அதே தீர்ப்புலதான் அதுவும் இருக்கு. நீங்க பாத்துட்டு, சரின்னு பட்டா எழுதுங்க."

"அத ஏன் நீங்க அன்னைக்கே கோர்ட்ல சொல்லல?"

"போஸ்ட் உண்டா இல்லையான்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது சார். உங்க ஃபைல்ல இல்ல."

பத்ரிநாத் தலையை ஆட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து இளவேனில் பதிலுக்குக் காத்திருந்தார். இரண்டு வாரம் போனது. போன் செய்தால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். துறையின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அப்பீலை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் வெறும் வாய்தான், வார்த்தை துறையுடையது. அப்படி விட்டுக்கொடுத்தால் நியமனமே போய்விடும் என்று உடன் வேலை செய்பவர்கள் எச்சரித்தார்கள். நரேஷ் மட்டும் ராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டே, "போனா போகட்டும், செக் கேஸ் பாக்கலாம்" என்றார்.

விசாரணைக்கு முதல் நாள் பத்ரிநாத்தே கடிதத்தோடு அவர் அறைக்கு வந்தார். இளவேனில் ஆவலோடு பிரித்துப் படித்தார். பதவி உண்டு, அது காலியாக உள்ளது, மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை, எதிர்த்தரப்பின் வேலையைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை என்று ஒழுங்காக எழுதியிருந்தது. கடைசி வரியில், 'எனினும் இவ்விஷயத்தை மாண்புமிகு நீதிமன்றத்தின் முடிவுக்கே விட்டுவிடுகிறோம்' என்று இருந்தது.

"ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல" என்றார் இளவேனில்.

"நான் 'வாபஸ்'னுதான் எழுதி அனுப்பினேன் மேடம். மேல போகப் போக மெலிஞ்சு இப்படி வந்திருக்கு." பத்ரிநாத் கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஆனா மேல இருக்கற நாலு வரியையும் யாரும் அடிக்கல. நீங்க அதப் பாத்துக்கங்க."

இளவேனில் அந்த நாலு வரியைத் திரும்பப் படித்தார். போதும் என்று தோன்றியது.

மறுநாள் கோர்ட்டில் வழக்கமான கேள்விதான் வந்தது. "கவர்ன்மென்ட் என்ன சொல்லுது?"

இளவேனில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மை லார்ட், போன முறை நான் எடுத்துச் சொன்ன சட்டம் சரியானது. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இந்த அம்மாளின் விஷயம் அதற்குள் வருகிறது என்பது துறை கொடுத்த இந்த விவரங்களிலிருந்து தெரிகிறது. இதற்கு எதிராகக் காட்ட என்னிடம் எந்தத் தீர்ப்பும் இல்லை. தேடிப் பார்த்தேன். முடிவைக் கோர்ட்டுக்கு விடுகிறது அரசாங்கம்."

மூத்த நீதிபதி கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்படியானால் கவர்ன்மென்ட் தன் அப்பீலுக்கே எதிராகப் பேசுகிறதா?"

"இல்லை மை லார்ட். அரசாங்கம் தன் ஹாஸ்டலுக்காகப் பேசுகிறது."

இளைய நீதிபதி, இந்த அம்மாள் வராத நாளில் அங்கே சாப்பாடு எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்தீர்களா எனக் கேட்டார். பார்த்தோம் என்றார் இளவேனில். எப்படி இருந்தது என்றார் அவர். இளவேனில், "உப்பு கம்மியாக இருந்தது, மை லார்ட்" என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்ரிநாத் இருமத் தொடங்கினார்.

பாலகுமார் பேசுவதற்கென்று எழுந்தவர், பேச எதுவும் மிச்சமில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அப்பீல் தள்ளுபடி ஆனது. இரண்டு மாதத்துக்குள் பியாட்ரிஸை அந்தப் பதவியில் நிரந்தரமாக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டு, மூத்த நீதிபதி அடுத்த ஃபைலை எடுத்தபடியே கேட்டார்: "கவர்ன்மென்ட் தோற்றுவிட்டது. கவர்ன்மென்ட் ஏன் சிரிக்கிறது?"

இளவேனில் தலை குனிந்து வணங்கிவிட்டு அடுத்த வழக்குக்கு ஃபைலைப் புரட்டினார். அது ஒரு சாலை அகலப்படுத்தும் வழக்கு. அதில் நன்றாகத் திட்டு வாங்கினார்.

யாரும் அவர் நியமனத்தைப் பறிக்கவில்லை. சீனியர் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற வழக்குகளுக்கு உதவும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விடுதி வேலைக்கு நடுவில் பியாட்ரிஸ் இளவேனில் வீட்டுக்கு வந்தார். வழக்கு முடிந்துவிட்டதால் இளவேனில் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தார். பல மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சந்திரம்மா காபி கலக்க உள்ளே போனார்.

"மொத நாளு பயந்தே போய்ட்டேன் வேனிலு" என்றார் பியாட்ரிஸ். "நீ பேசறதக் கேட்டா, நானே எனக்கு வேல குடுக்க வோணாம்னுதான் சொல்லுவேன். அவ்ளோ நல்லா பேசின."

"கோவமாக்கா?"

"ரெண்டு நாளு இருந்துச்சு. அப்பறம் நெனச்சேன், இது இவ்ளோ ஒழுங்கா எதிர்க்குதுன்னா, என் பக்கம் நியாயம் இருந்தா அதையும் ஒழுங்கா சொல்லும்னு." பியாட்ரிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு சிரித்தார். "ஒண்ணு கேக்கட்டா? அந்த ஆபீஸரு சித்ரான்னம் பண்ணாராமே. பொண்ணுங்க இன்னும் அதையே பேசிக்கினு கெடக்குதுங்க."

"சுமாரா இருந்துச்சுக்கா."

"கடலைய ஜாஸ்தி போட்டுட்டாராம். ஒரு மாசத்துக்கு வெச்சிருந்த கடல. அவர்கிட்ட சொல்லு, அடுத்த தபா வந்தா அளவு நான் சொல்றேன்னு."

சந்திரம்மா காபியோடு தட்டு நிறைய வடையும் கொண்டுவந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பியாட்ரிஸ் ஒரு வடையை வாயில் போட்டுக்கொண்டே எழுந்துவிட்டார்.

"இல்லம்மா, நாளைக்கு இட்லி. ஹாஸ்டல்ல அரிசி ஊறப்போட்டு வந்தேன், போய் அரைக்கணும். எண்பது பேருக்கு ஆவணும்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.